வயசான டிஜேக்கள்: இன்னும் ஆட்டம் இருக்கா, பேர் மட்டும்தானா?

இரவுப்பறவை | பெர்லின்

கோடை ஃபெஸ்டிவல் போஸ்டர் ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சிருச்சு. மேலே கொட்டை எழுத்துல இருக்கிற பேரெல்லாம் நான் காலேஜ்ல படிக்கும்போதும் கொட்டை எழுத்துல இருந்த அதே பேர்தான். கார்ல் காக்ஸ் 1962-ல பிறந்தவர். ஜெஃப் மில்ஸ் 1963. ஸ்வென் வாத் 1964. டேவிட் கெட்டா 1967. டியெஸ்டோ 1969. இவங்க முன்னாடி ஆடுற கூட்டத்துல நிறையப் பேர் 2000-க்கு அப்புறம் பிறந்தவங்க.

என் கேள்வி இதுதான். இருபது வயசுப் பசங்களுக்கு இவங்க போடுற இசை உண்மையிலேயே பிடிச்சிருக்கா? இல்ல, கூட்டத்தோட கூட்டமா நின்னு ஒரு தரம் தரிசனம் பண்ணிட்டு வந்துடலாம்னு போறாங்களா?

பாடகர்னா பரவாயில்ல. பழைய பாட்டைப் பாடினாலே போதும், சனம் அதுக்குத்தான் வருது. டிஜேவோட வேலையே அடுத்தது என்னன்னு காட்டுறது. இங்க 2024-ல பெர்லின் டெக்னோவை யுனெஸ்கோ கமிஷனோட ஜெர்மன் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. எல்லாரும் கொண்டாடினாங்க, எனக்கு என்னமோ கொஞ்சம் உறுத்துச்சு. மரபுன்னு முத்திரை குத்தியாச்சுன்னா அப்புறம் அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிடுமே.

சண்டை போடாம பேசலாம். சண்டை போட்டாலும் சரி.

மூன்றாம்டெக் | சிங்கப்பூர்

பறவை, இரண்டு வேறு வகை ஆட்களை ஒரே பட்டியலில் போட்டுவிட்டீர்கள்.

கெட்டாவும் டியெஸ்டோவும் பாட்டு வெளியிட்டு அதன் பலத்தில் நிற்பவர்கள். கெட்டா 2022-ல் வெளியிட்ட "ஐ'ம் குட்" 1998-ல் ஐஃபல் 65 குழு போட்ட "ப்ளூ"வின் மெட்டு. டிக்டாக்கில் பரவிய பிறகுதான் முறைப்படி வெளியானது. அதற்கு ஆடும் பையனுக்கு மூலப்பாட்டு தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கெட்டா இன்னும் செல்லுபடியாகிறாரா என்பதை அந்தந்த வருஷத்துப் பாட்டு முடிவு செய்துவிடும். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

காக்ஸ், மில்ஸ், வாத் கதை வேறு. இவர்கள் ரெசிடென்ட் மரபில், அதாவது ஒரே கிளப்பில் நிரந்தரமாகப் போடும் மரபில் வளர்ந்தவர்கள். சிகாகோவில் 1977-ல் வேர்ஹவுஸ் திறந்தபோது ஃபிராங்கி நக்கிள்ஸ் வாராவாரம் அதே அறையில், அதே ஆட்களுக்கு, இரவு முழுக்கத் தனியாகப் போட்டார். நியூயார்க்கில் லாரி லெவன் பாரடைஸ் கராஜில் 1987 வரை பத்து வருஷம் அதையே செய்தார். கூட்டத்தை மெல்லச் சூடேற்றுவது, ஒருமுறை இறக்கி மறுபடி ஏற்றுவது, விடியும்போது கையைப் பிடித்து வெளியே அனுப்பி வைப்பது, எல்லாம் ஒரே ஆள். காக்ஸ் ஸ்பெயினின் கேளிக்கைத் தீவான இபிசாவில் ஸ்பேஸ் கிளப்பில் 2001 முதல் 2016-ல் அது மூடும்வரை சீசன் தவறாமல் இருந்தார். அந்த உழைப்பு கையில் தங்கும்.

இப்போது ஃபெஸ்டிவலில் அவருக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அவருக்கு முன்னால் போட்டவரும் உச்சத்தில் இறங்கியிருப்பார், பின்னால் வருபவரும் உச்சத்திலேயே தொடங்குவார். அந்த இடுக்கில் 25 வயதுக்காரருக்கும் 60 வயதுக்காரருக்கும் வித்தியாசம் தெரிய வழியே இல்லை. "பெரியவர்கிட்ட ஒண்ணும் ஸ்பெஷலா இல்லையே" என்று பசங்கள் சொன்னால் அவர்கள் சொல்வது சரிதான். ஆறு மணி நேரம் கொடுத்துப் பாருங்கள், அப்போது பேசலாம்.

எங்கள் ஊர் ஸூக் கிளப்பிலும் இதைப் பார்த்தவன் நான். 1991-ல் ஜியாக் கிம் தெருவின் பழைய கிடங்கில் தொடங்கியது, 2016-ல் கிளார்க் கீக்கு மாறியது. பழைய இடத்தில் வெளிநாட்டுப் பெரிய பெயர் வந்த இரவைவிட, உள்ளூர் ரெசிடென்ட் மட்டும் போட்ட இரவு நன்றாக இருந்தது எத்தனையோ முறை.

கீர்த்தி_பிபிஎம் | ஆம்ஸ்டர்டாம்

ஹாய், நான் இங்க மாஸ்டர்ஸ் படிக்கிறேன். நீங்க எல்லாரும் "இருபது வயசுப் பசங்க"ன்னு பேசிட்டிருக்கிற அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தி, அதனால சொல்றேன்.

மூன்றாம்டெக் அண்ணா, ஆறு மணி நேர செட் அருமைதான். யாருக்கு? இபிசாவுக்கு ஃபிளைட், ரூம், உள்ள நுழையவே 60 யூரோவுக்கு மேல, தண்ணி பாட்டிலுக்குத் தனிக் காசு. அங்க போற கூட்டத்தைப் பார்த்து "இளைஞர்கள் வர்றாங்க"ன்னு கணக்குப் போடாதீங்க. வசதி இருக்கிறவங்க வர்றாங்க, அவ்ளோதான்.

என் கூட்டத்துக்குப் பிடிச்சது 150 பிபிஎம் (நிமிஷத்துக்கு 150 தாள அடி) ஹார்ட் டெக்னோ. 126-ல போற ஹவுஸ் கேட்டா எங்களுக்கு வார்ம்-அப் இன்னும் முடியலையோன்னு இருக்கும். ஆனா இங்க ஒரு வேடிக்கை பாருங்க. நெதர்லாந்துல கேபர்னு சொல்ற படுவேக டெக்னோ கேட்கிற பசங்களுக்கு டிஜே பால் எல்ஸ்டாக்கைத் தெரியும். 1966-ல பிறந்த மனுஷன். தண்டர்டோம்ங்கிற கேபர் விழா 1992-ல தொடங்கினது, அதுக்கு இப்ப போறதுல என் வயசுக்காரங்களும் உண்டு. ஏன்னா வேகம் திரும்பி வந்துருச்சு. அந்த ஆள் மாறவே இல்ல, உலகம் சுத்தி அவர்கிட்டயே வந்து நின்னுருச்சு. இதுல திறமை எவ்ளோ, அதிர்ஷ்டம் எவ்ளோன்னு நீங்களே சொல்லுங்க.

ஜெஃப் மில்ஸ் மட்டும் விதிவிலக்கு. "எக்சிபிஷனிஸ்ட் 2"ல அவர் டிஆர்-909 டிரம் மெஷினை மட்டும் வச்சுக்கிட்டு வாசிக்கிற துண்டு என் ஃபீடுல வந்துச்சு. யாருன்னே தெரியாமதான் பார்த்தேன். பட்டனைத் தட்டித் தட்டி ஹை-ஹாட்டை உள்ள விட்டு, கிக்கை வெளிய எடுத்து... அது டிரம்ஸ் வாசிக்கிறதுதான். அந்த வீடியோவுல அவருக்கு என்ன வயசுன்னு நான் யோசிக்கவே இல்ல.

வினைல்வாசு | சென்னை

கீர்த்திம்மா, கடைசிப் பாராவுக்கு ஒரு சல்யூட். மில்ஸ் கையைப் பார்த்தவங்க அதுக்கப்புறம் லேப்டாப் டிஜேவைப் பார்க்க மாட்டாங்க.

நம்ம ஊர்ல டிஜேன்னா கல்யாண ரிசப்ஷன்ல "அடுத்து மாப்பிள்ளை ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஸ்டேஜுக்கு வாங்க"ன்னு மைக்ல கத்துறவர். அதனால நான் இதையெல்லாம் இசைத்தட்டுலயும் யூடியூப்லயும் கேட்டே வளர்ந்தவன். ஆனா கேட்டதை வச்சு ஒண்ணு சொல்வேன். ஸ்வென் வாத் 2000-லருந்து இபிசாவுல ககூன் பார்ட்டி நடத்தி, ஒவ்வொரு சீசன் முடிஞ்சதும் அந்த வருஷத்து மிக்ஸ் ஒண்ணு போட்டுட்டே வந்தார். வருஷ வரிசையில அடுக்கிக் கேளுங்க. 2000-களோட நடுவுல எல்லாம் மினிமலா சுருங்குது, அப்புறம் மறுபடி மெலடி உள்ள வருது. ஆளு ஒருத்தர்தான். அவர் பெட்டிக்குள்ள இருந்தது ஒவ்வொரு வருஷமும் வேற. இத்தனைக்கும் அவர் வினைல்காரர், இன்னமும் கடையில நின்னு ரெக்கார்டு பொறுக்குறவர். சிங்க் பட்டனை அமுக்கிட்டுக் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற கும்பலுக்கு இது புரியாது.

கீர்த்தி_பிபிஎம் | ஆம்ஸ்டர்டாம்

வாசு அண்ணா, சிங்க் இருந்தா என்ன? பீட்டை ஒட்ட வைக்கிற வேலை மிச்சமானா அந்த நேரத்துல நாலு டெக்கை ஓட்டலாம், லூப் போடலாம், எஃபெக்ட் பண்ணலாம். ரிச்சி ஹாட்டின் 2000-களோட தொடக்கத்துலயே ஃபைனல் ஸ்கிராட்ச்ங்கிற கருவியை வச்சு கம்ப்யூட்டர்ல மிக்ஸ் பண்ணிட்டார். அவரும் 1970-ல பிறந்த பழைய ஆள்தானே. கருவியை வச்சு ஆளை எடை போடாதீங்க.

லண்டன்_பெடியன் | லண்டன்

இதுவரைக்கும் கதைச்ச எல்லாரும் ஹவுஸ், டெக்னோவுக்குள்ளயே நிக்கிறியள். ஜங்கிள் எண்ட இஞ்சத்தைய வேகமான டான்ஸ் மியூசிக் பக்கம் ஒருக்கால் வந்து பாருங்கோ.

இஞ்ச ஒரு பத்து வருசத்துக்கு முதல் ஜங்கிள் எண்டால் அப்பா வயசு ஆக்களின்ர மியூசிக். இப்ப எங்கட செட்டுப் பெடியள் பெட்டையள் எல்லாம் அதுக்குத்தான் ஆடுகினம். ஜங்கிள் டிஜே நியா ஆர்கைவ்ஸ் 1999-ல பிறந்த பிள்ளை. கறுப்பின இசைக்கான மோபோ விருதில டான்ஸ் மியூசிக்குக்கு ஒரு பிரிவே இல்லையே எண்டு அவ பகிரங்கமாக் கடிதம் எழுதினவ. 2022-ல அந்தப் பிரிவை வச்சவை, அதை அவவே வெண்டவ. அதுக்குப் பிறகு பழைய ஆக்களுக்கும் புதுச் சனம் வந்தது. அதால நான் கேக்கிறது தலைகீழ்க் கேள்வி: மூத்த டிஜேக்கள் இளசுகளைப் பிடிச்சு வைச்சிருக்கினமோ, இல்லாட்டி இளசுகள்தான் மூத்தவையைத் தூக்கி நிறுத்துகினமோ? என்னைக் கேட்டால் ரெண்டாவதுதான்.

ஆனால் ஜங்கிள் மூத்தவையளில ஒரு நல்ல பழக்கம் இருக்கு. தொண்ணூறுகளில புதுப் பெடியன் ஒருத்தன் டேப் கொண்டுவந்து குடுத்தால் அது நல்லாயிருந்தால் டப்பிளேட்டா (ஒரேயொரு பிரதி ரெக்கார்டா) வெட்டி அந்தக் கிழமையே போடுவினம். இப்ப டப்பிளேட் இல்லை, ஃபோல்டர் அனுப்புறம். ஆனால் பழக்கம் அப்பிடியே இருக்கு. 23 வயசுப் பெடியன்ர வெளிவராத டிராக்கை 55 வயசுக்காரர் போட்டால் அங்க ரெண்டு பேருக்கும் லாபம். உங்கட இபிசா சாமிமார் ஆரும் அப்பிடிச் செய்யினமோ?

மூன்றாம்டெக் | சிங்கப்பூர்

> உங்கட இபிசா சாமிமார் ஆரும் அப்பிடிச் செய்யினமோ?

செய்கிறார்கள். கீர்த்தி சொன்ன ஹாட்டினையே எடுங்கள். "ஃப்ரம் அவர் மைண்ட்ஸ்" என்று பெயர் வைத்து, அமெரிக்காவில் இளம் டெக்னோ ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சுற்றுப்பயணம் போனார். அங்கே ஈர்ப்பு ஹாட்டின் பெயர், மேடை மற்றவர்களுக்கு. மில்ஸும் சும்மா பழையதை ஓட்டவில்லை. ஆஃப்ரோபீட் டிரம்மர் டோனி ஆலனோடு சேர்ந்து 2018-ல் ஒரு பதிவு வெளியிட்டார், ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கிறார். 909-ஐ ஒரு தாளவாத்தியமாக மேடையில் உட்கார வைத்தது அவருடைய வேலை.

இளசுகள்தான் தூக்கி நிறுத்துகிறார்கள் என்பதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். 2023 பிப்ரவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஸ்க்ரிலெக்ஸ், ஃப்ரெட் அகெய்ன், ஃபோர் டெட் மூவரும் போட்டார்கள். நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்புதான் அறிவிப்பு, டிக்கெட் உடனே தீர்ந்தது, ஐந்து மணி நேர செட். ஃபோர் டெட் என்கிற கீரன் ஹெப்டன் 1977-ல் பிறந்தவர். தாய்வழியில் தென்னாப்பிரிக்க இந்தியர். இருபது வருஷமாகப் பெரும்பாலும் சிறு அறைகளில் போட்டுக்கொண்டிருந்தவருக்கு 45 வயதில் இவ்வளவு பெரிய இளங்கூட்டம். ஃப்ரெட் 1993-ல் பிறந்தவர். அவருடைய ரசிகர்கள்தான் ஹெப்டனிடம் வந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வந்தவர்கள் தங்கினார்கள் அல்லவா? அதற்கு ஹெப்டனிடம் சரக்கு இருக்க வேண்டும்.

மட்டுறுத்துநர்

கிளப்பில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன விழுங்கினீர்கள் என்ற பதிவுகள் இரண்டு நீக்கப்பட்டன. இசையைப் பேசவும்.

கதவுக்கணக்கு | கோலாலம்பூர்

நான் நிகழ்ச்சி நடத்துறவன். ரசனையை எல்லாம் தள்ளி வச்சுட்டு கணக்கைச் சொல்றேன்.

மண்டபத்துக்கு முன்பணம், சவுண்ட், லைட், லைசென்ஸ், செக்யூரிட்டி, இதுக்கெல்லாம் பணத்தை நான் முதல்லயே எடுத்து வைக்கணும். அதனால எனக்கு வேண்டியது முன்கூட்டியே விற்கிற டிக்கெட். இளசுகள் கடைசி வாரம் வரைக்கும் வாங்க மாட்டாங்க, அன்னைக்கு ராத்திரி மழை பெய்ஞ்சா வரவும் மாட்டாங்க. முப்பது வருஷப் பேர் உள்ள ஆளைப் போட்டா நாற்பது வயசுக்காரங்க ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கிடுறாங்க. அந்தக் காசுலதான் மத்த ஏற்பாடே நடக்குது. போஸ்டர்ல அதே பேர் திரும்பத் திரும்ப வர்றதுக்கு இதுதான் காரணம்.

இதுல நோகுறது யார்னா நடுவுல இருக்கிறவங்க. 35, 40 வயசு ஆளுங்க. மேல மூத்தவங்க இடத்தை விடல, கீழ இருந்து டிக்டாக் புகழோட ஒரு பிள்ளை நேரா ஹெட்லைனரா வந்து உட்காருது. பதினைஞ்சு வருஷமா நல்லா வாசிக்கிற ஆளுக்கு நான் இன்னும் வார்ம்-அப் காசுதான் கொடுத்துட்டிருக்கேன். எனக்கே கூச்சமாத்தான் இருக்கு, ஆனா கதவுல காசு வரல.

இன்னொண்ணு. பெரிய பேர் ஆளோட ஒப்பந்தத்துல இத்தனை நாளைக்கு இத்தனை தூரத்துக்குள்ள வேற எங்கயும் வாசிக்கக் கூடாதுன்னு போடுவோம். அப்ப அவர் ஒரு சின்ன பார்ல ஆசைக்கு வாசிக்க நினைச்சாலும் முடியாது. மூன்றாம்டெக் கேட்கிற ஆறு மணி நேர செட் நடக்காததுக்கு எங்களுக்கும் பங்கு உண்டு.

இரவுப்பறவை | பெர்லின்

இது எனக்குத் தெரியாத பக்கம், நன்றி கதவு. அப்ப வயசுக்காரங்க "இடத்தை அடைச்சிட்டிருக்காங்க"ன்னு திட்டுறது அவங்களைத் திட்டுறது இல்ல, முன்பதிவு முறையைத் திட்டுறது.

இங்க பெர்கைன் கிளப்புல பென் க்ளாக், மார்செல் டெட்மன் ரெண்டு பேரும் 2004-ல அது திறந்த தொடக்க வருஷங்கள்லயே ரெசிடென்ட் ஆனவங்க. வாசல்ல ஃபோன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க, அதனால ஃபீடுக்குன்னு யாரும் எதையும் செய்யறதில்ல. அங்க இளசுகள் மூணு நாலு மணி நேரம் அசையாம ஒரே ஆளுக்கு ஆடுறதைப் பார்த்திருக்கேன். அப்ப மூன்றாம்டெக் சொன்ன வாதம் நிக்குது. அறையும் நேரமும் கொடுத்தா வயசு மறைஞ்சுடுது.

சவுண்ட்காரர் | சென்னை

யாரும் பேசாத விஷயம் ஒன்று: காது.

மூத்த டிஜேக்கள் முப்பது நாற்பது வருடம் மானிட்டர் ஸ்பீக்கருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றவர்கள். தொழிலிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் சொல்லும் அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, இப்படியே போய் 100-ல் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கேளிக்கை அரங்குகளுக்கு ஒரு தரநிலை வெளியிட்டது, சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று. பழைய கிளப்களில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? டிஜே பூத் இன்னும் மோசம். அரங்கின் சத்தத்தை மீறிக் கேட்க மானிட்டரை ஏற்றுவார், அதை மீறி ஹெட்ஃபோனை ஏற்றுவார்.

வயதானால் முதலில் போவது மேல் அதிர்வெண்கள்தான். சத்தத்தால் வரும் சேதமும் அங்கேயே அடிக்கும். அதனால் சில மூத்தவர்களுக்கு ஒலியின் மேல்பகுதி மங்கலாகக் கேட்கும், மிக்ஸரில் டிரெபிளைத் திருகி ஏற்றிவிடுவார்கள். கீழே நிற்கும் இருபது வயதுக் காதுக்கு அது ஊசியாகக் குத்தும். "என்னமோ இவர் செட் எரிச்சலா இருக்கு" என்று பசங்கள் சொல்வார்கள், காரணம் தெரியாது. மேடையில் என் வேலை பாதி அதை மெயினில், அதாவது அரங்குக்குப் போகும் ஒலியில், அமைதியாகக் குறைப்பதுதான்.

கீர்த்தி, பெடியன், இருவருக்கும் சொல்கிறேன்: காதடைப்பான் போடுங்கள். பஞ்சு இல்லை. எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் குறைக்கும் வகை கடையில் கிடைக்கிறது.

வினைல்வாசு | சென்னை

சவுண்ட்காரர் இப்படிப் பயமுறுத்துறார். அதே நேரத்துல ஜப்பான்ல டிஜே சுமிராக்னு ஒரு அம்மா. 1935-ல பிறந்தவங்க. டோக்கியோவுல குடும்ப உணவகம் நடத்திட்டு, 77 வயசுல டிஜே பள்ளிக்கூடத்துல சேர்ந்து, கின்னஸ்ல உலகத்தோட வயசான கிளப் டிஜேன்னு பேர் வாங்கினாங்க. பகல்ல கடையில வேலை, ராத்திரி கபுகிச்சோ கேளிக்கைப் பகுதியில டெக்னோ. காது நாற்பது வருஷம் ஓய்வுல இருந்திருக்கு!

நம்ம நாட்டுக் கதை இன்னொண்ணு. சரண்ஜித் சிங், மும்பை சினிமா இசைக்குழுவுல வாசிச்சவர். 1982-ல "டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்"னு ஒரு தட்டு. டிபி-303 பேஸ் சிந்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின் ரெண்டையும் வச்சு ராகம் வாசிச்சிருக்கார். சிகாகோவுல அதே 303 ஒலியில ஆசிட் ஹவுஸ் வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடி. அப்ப யாரும் சீண்டல. 2010-ல மறுபதிப்பு வந்தப்புறம் எழுபதைத் தாண்டின வயசுல ஐரோப்பாவுல போய் வாசிச்சார், முன்னாடி ஆடினதெல்லாம் பேரப்பிள்ளை வயசுப் பசங்க. 2015-ல காலமானார். அவருக்குப் பழைய ரசிகர்னே யாரும் கிடையாது. வந்தது மொத்தமும் இளசு. பேர் பழசுங்கிறதுக்காக வந்தாங்கன்னு இவர் விஷயத்துல சொல்ல முடியாது இல்ல?

கீர்த்தி_பிபிஎம் | ஆம்ஸ்டர்டாம்

நாலு ஸ்க்ரோல் வந்தாச்சு. மூத்த டிஜேன்னு பேர் சொன்னதுல பெண்கள் யாரு? 77 வயசுல தொடங்கின பாட்டி ஒருத்தர், அதுவும் வேடிக்கைக் கணக்குல.

ஸ்மோக்கின் ஜோ 1992-ல டிஜே மேக் இதழோட முதலிடம் வாங்கினவங்க. அதுக்கப்புறம் அந்த இடத்துக்கு ஒரு பெண் வரவே இல்ல. டிஜே பாலெட் மான்செஸ்டர் ஹசியெண்டா கிளப்புல ரெசிடென்டா இருந்தவங்க. 2024-ல அவங்க எழுதின புத்தகத்துல ஒரு கறுப்பினப் பெண் டிஜேவா இந்தத் தொழில்ல தாக்குப்பிடிச்ச கதை இருக்கு. ஆண் டிஜேவுக்கு நரைச்சா "ஜாம்பவான்". பெண்ணுக்கு நரைச்சா புக்கிங் நின்னுடும். கதவுக்கணக்கு அண்ணா சொன்ன அந்த முன்கூட்டி விக்கிற டிக்கெட், முப்பது வருஷம் போஸ்டர்ல இருந்தவங்களுக்குத்தானே விக்கும்? போஸ்டர்ல இடமே கொடுக்கலைன்னா எப்படி விக்கும்?

நல்ல உதாரணமும் இருக்கு. ஹனி டிஜான், 1968, சிகாகோ. திருநங்கை. இருபது வருஷத்துக்கு மேல உழைச்சு நாற்பதுகள்லதான் உலகப் பேர் வந்துச்சு. 2022-ல பியான்ஸேவோட "ரெனசான்ஸ்"ல வேலை பார்த்தாங்க, அதுக்கப்புறம் என் வகுப்புப் பசங்களுக்கே தெரியும். அவங்க செட்ல சிகாகோ ஹவுஸ் பழசா இருக்காது, நேத்து ராத்திரி பண்ணினதா இருக்கும்.

லண்டன்_பெடியன் | லண்டன்

கீர்த்தி சொன்னதோட ஒராளைச் சேக்கிறன். டிஜே ரீட்டு. 1995-ல லண்டனில கிளப் காலி தொடங்கின ரெண்டு பேரில ஒராள், தெற்காசிய எல்ஜிபிடி ஆக்களுக்கான இடம். இண்டைக்கும் போடுறா.

எங்கட ஆக்களின்ர கதையும் இதில இருக்கு. எண்பது தொண்ணூறில இஞ்சத்தைய ஏசியன் பிள்ளையள் இரவில வெளிக்கிட ஏலாது, வீட்டில விடமாட்டினம். அதால மத்தியானத்தில பார்ட்டி வைச்சவை, பள்ளிக்கூடத்துக்குக் கட் அடிச்சுப்போட்டுப் போய் ஆடிப்போட்டு பின்னேரம் நல்ல பிள்ளையா வீட்ட வாறது. அந்தப் பேரைத்தான் 2020-ல டேடைமர்ஸ் எண்ட இளம் குழு எடுத்தது. 2021-ல, இணையத்தில டிஜே செட்டுகளைக் காட்டுற பாய்லர் ரூம் அவையோட செய்த நிகழ்ச்சியில யங் சிங் போட்ட பஞ்சாபி கராஜ் (பஞ்சாபிப் பாட்டும் பிரிட்டிஷ் கராஜ் இசையும் கலந்தது) செட் எல்லா இடமும் ஓடினது. அதில ஓடினதில கனக்க எங்கட மாமாமார் வயசு ஆக்கள் செய்த டிராக்தான். ஆனால் அந்த மாமாமாரைப் போஸ்டரில ஆரும் போடேல்லை. இது நான் முதல் சொன்னதின்ர மற்றப் பக்கம்: இசை இளசுகளிட்ட வந்து சேருது, ஆள் வந்து சேருறேல்லை.

மூன்றாம்டெக் | சிங்கப்பூர்

பெடியன், அந்தக் கடைசி வரி யோசிக்க வைக்கிறது. எதிர்ப்புறமும் இருக்கிறது: ஆள் வந்து சேர்கிறார், இசை சேரவில்லை. பீட் டாங் 1991 முதல் பிபிசி ரேடியோ 1-ல் இருப்பவர், 1993-ல் எசென்ஷியல் மிக்ஸ் நிகழ்ச்சியைத் தொடங்கியவர். 2015-ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஹெரிடேஜ் ஆர்கெஸ்ட்ராவோடு இபிசா பாட்டுகளைப் போட்டார், அடுத்த வருஷம் வந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். ஹசியெண்டா கிளாசிக்கல் என்று மான்செஸ்டரிலும் ஒன்று. வயலின் நாற்பது, மேலே ஒரு டிஜே, கீழே கையைத் தூக்கி நிற்பவர்கள் எல்லாம் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். நானும் டிக்கெட் வாங்கியவன்தான், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது கச்சேரி. அடுத்து என்ன வரும் என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும். டிஜே கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்க அங்கே எதுவும் இல்லை.

ஆகவே என் அளவுகோல் எளிது. அவர் அடுத்து என்ன போடப் போகிறார் என்று அவருக்கே இன்னும் தெரியாத நிலை இருக்கிறதா? இருந்தால் 62 வயதிலும் அவர் டிஜே. பட்டாசுக்கும் லைட்டுக்கும் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த செட் என்றால் 24 வயதிலும் அவர் இல்லை.

இரவுப்பறவை | பெர்லின்

அப்ப பட்டாசு பட்டியல்ல கீர்த்தியோட ஹார்ட் டெக்னோ ஆட்கள் பாதிப் பேர் விழுந்துடுவாங்களே :)

கீர்த்தி_பிபிஎம் | ஆம்ஸ்டர்டாம்

விழட்டும், எனக்கென்ன. பட்டாசும் நல்லாத்தான் இருக்கு.

சரி, எங்கிருந்து தொடங்குறது சொல்லுங்க. ஒரே ஒரு மிக்ஸ். பத்துப் பேர் பத்து லிங்க் போடாதீங்க.

வினைல்வாசு | சென்னை

மில்ஸ், டோக்கியோ லிக்விட் ரூம், 1995-ல பதிவானது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அதுக்குள்ள முப்பதுக்கு மேல டிராக். மூணு டர்ன்டேபிள். ஊசி தடுமாறுறது, கூட்டம் கத்துறது எல்லாம் அப்படியே இருக்கும், எதையும் துடைக்கல. ஹெட்ஃபோன்ல கேளு, ஃபோன் ஸ்பீக்கர்ல வேண்டாம்.

சவுண்ட்காரர் | சென்னை

ஹெட்ஃபோனில், ஒலியளவு பாதிக்குக் கீழே.

மட்டுறுத்துநர்

திருட்டுப் பதிவிறக்க இணைப்பு ஒன்று நீக்கப்பட்டது. வாசு, இது இரண்டாவது முறை.

கீர்த்தி_பிபிஎம் | ஆம்ஸ்டர்டாம்

கேட்டாச்சு. இவ்ளோ வேகமா மாத்துறாரே! ஒரு டிராக்கைப் பிடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. டிக்டாக் பசங்களுக்குக் கவனம் நிக்காதுன்னு திட்டுறீங்களே, 1995-லயே இந்த மனுஷன் ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல எதையும் விட மாட்டேங்கிறார். ரெக்கார்டிங் கரகரன்னு இருக்கு, கிக் இன்னும் கனமா இருந்திருக்கலாம். ஆனா நடுவுல நிறுத்தல.

நேர்ல பார்க்கணும்தான். ஆனா இந்த மாதிரி ஆட்களோட செட் ராத்திரி மூணு மணிக்குத்தான் தொடங்குது, எனக்கு மறுநாள் காலைல லேப். ஆறு மணி நேர செட்டை யாராவது மத்தியானம் வைங்கப்பா.

லண்டன்_பெடியன் | லண்டன்

டிஜே அனி மாக் 2022-ல தொடங்கின "பிஃபோர் மிட்நைட்" அதுதானே. பின்னேரம் ஏழு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும். பிள்ளை குட்டிக்காரருக்கு எண்டு வைச்சது. நாங்களும் போறனாங்கள், கடைசி ரயிலும் பிடிக்கலாம்.

கதவுக்கணக்கு | கோலாலம்பூர்

சனிக்கிழமை மதியம் இங்க மண்டப வாடகை பாதிதான். ரெண்டு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிச்சா ஒரே டிஜே, வார்ம்-அப் ஆள் தேவையில்ல, ஆறு மணி நேரம் தாராளமா கொடுக்கலாம். ஒரே சிக்கல், மத்தியானம் பார் விற்பனை படுத்துடும், என் லாபமே அதுலதான். டிக்கெட் விலையை எவ்வளவு ஏத்தினா வருவீங்கன்னு வயசோட சேர்த்து ஆளாளுக்கு இங்க எழுதுங்க. கீர்த்தி, நீங்க மட்டும் எழுத வேண்டாம், உங்க பதில் எனக்குத் தெரியும்.